என் பெயர் எழுதிய பீரோ

அந்த பீரோவை நான் வாங்கிக் கொடுக்கவில்லை.

மம்சாபுரத்தில் என் அக்கா வீட்டு முன்னறையில் நிற்கிறதே, ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ... அதன் நெற்றியில் 'அன்புத் தம்பி தங்கப்பாண்டியின் சீர்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறதே... அந்தத் தங்கப்பாண்டி நான்தான். ஆனால் அதற்காக நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

ஒரு பீரோதானே, இதற்கு இவ்வளவு பீடிகையா என்று நீங்கள் நினைக்கலாம். வெறும் பீரோவாக இருந்தால் எனக்கும் நிம்மதிதான்! அந்த இடத்தில் இருக்க வேண்டியது ஒரு ஓவியம். நான் வரைய வேண்டிய ஓவியம். ஊர் கூடியிருந்த சபையில், மைக்கில் சொல்லி, நான் ஒப்புக்கொண்ட ஓவியம்.

முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் என்மேல் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

எனக்கு இராஜபாளையத்தில் ஃபிளெக்ஸ் கடை. அதற்கு முன்பு கையால் சுவரில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பரிசெல்லாம் வாங்கியவன். 'பாண்டி கையில் சரஸ்வதி இருக்கிறாள்' என்று சொல்வார்கள். நானும் நம்பினேன்... அங்கே பிடித்தது சனியன்.

அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது நான் ஒருவன்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். அத்தான் பட்டாளத்தில் இருந்தார். எல்லையில் எங்கெங்கோ கிடந்து சேர்த்ததைக் கொண்டு மம்சாபுரத்தில் ஒரு வீடு கட்டினார். லீவில் வந்தவர், பால் காய்ச்சுவதற்கு முந்தின வாரம் என்னைக் கூட்டிப்போய் முன்னறையில் நிறுத்தினார். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற பெரிய சுவர். அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள்.

"மாப்ள, சீரு அது இதுன்னு எதுவும் தூக்கிட்டு வராத. இந்தச் சுவரு உனக்கு. நீ வரை."

"என்ன வரையட்டும் அத்தான்?"

"அத நான் எதுக்குச் சொல்லணும்? உனக்கு என்ன தோணுதோ அதான். நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

எப்பேர்ப்பட்ட மனிதர்! யார் இப்படிச் சொல்வார்கள்? ஒரு கலைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் புதுவீட்டுக்குப் பெண்ணின் பிறந்த வீட்டுச் சீர் வரும்போது மைக்கில் சொல்வார்கள். குத்துவிளக்கு, அண்டா, பீரோ, கட்டில் என்று ஒவ்வொன்றாகச் சபை கேட்கச் சொல்லுவார்கள். கேட்கிற பங்காளிகள் மனசுக்குள் எடை போட்டுக்கொள்வார்கள். அதில்தான் அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் உள்ள மரியாதை இருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தாம்பாளத்தில் தேங்காய், பழம், பூவோடு புதுத் தூரிகைகளை அடுக்கி, மஞ்சள் நூல் சுற்றி, மேளத்தோடு கொண்டுபோய் இறக்கினேன். மைக்கை நானே வாங்கினேன். 'இந்தச் சுவர்தான் என் சீர். என் அக்கா வீட்டில் இருக்கிற மாதிரி ஓவியம் இந்த ஜில்லாவிலேயே இருக்காது' என்று முழங்கினேன். கைதட்டினார்கள். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே... அவ்வளவு பெருமை அவளுக்கு.

அந்தத் தூரிகைகளில் ஒன்றுகூட இன்றுவரை பெயின்டைத் தொடவில்லை. ஒன்றை மட்டும் என் கடையில் பயன்படுத்துகிறேன். கம்ப்யூட்டரில் படிகிற தூசி தட்ட.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானே சிரித்திருக்கிறேன்.

புதுச் சுவர் நன்றாகக் காயட்டும் என்றேன். அது நியாயமான பேச்சுதான், ஈரச் சுவரில் நிறம் நிற்காது. காய்ந்தது. ஐப்பசி மழை வந்தது. மழை முடியட்டும் என்றேன். மார்கழி பிறந்தது, மார்கழியில் எதையும் தொடங்க வேண்டாம் என்றேன். எனக்கா சாஸ்திரம்? மார்கழியில் மோட்டார் சைக்கிள் வாங்கியவன் நான்! தையில் காதுகுத்து, கல்யாணம் என்று கடையில் வேலை குவிந்தது. ஆடியில் பூரத் தேர் முடியட்டும் என்றேன். அதற்குள் மறுபடி ஐப்பசி. இப்படியே வருஷங்கள் ஓடின.

சும்மா இருந்தேன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அலைந்தேன்! பிளவக்கல் அணைக்குப் போய் மலையைப் படம் பிடித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தேர்ச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோயிலுக்குள் ஆண்டாள் கையில் இருக்கிற இலைக் கிளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் ஒன்று புதிதாகக் கட்டுகிறார்கள், மறுநாள் யாருக்கோ கொடுத்துவிட்டு அடுத்ததைக் கட்டுகிறார்கள். கிளி வரையலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சீ, கிளியை யார்தான் வரையவில்லை என்று அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். செல்போனில் ஊர் உலகத்துச் சுவரோவியங்களையெல்லாம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க என் தலைக்குள் இருந்த படம் பெருத்துக்கொண்டே போனது. ஒரு நாள் அதில் பனிமலையும் பட்டாளமும் இருந்தன. இன்னொரு நாள் ஒரே ஒரு மரம். அடுத்த வாரம் மரமும் வேண்டாம், வெறும் நிறங்கள் போதும். இதற்கெல்லாம் நான் வைத்த பெயர் என்ன தெரியுமா? தயாரிப்பு!

இத்தனைக்கும் நடுவே கடையில் நான் புலி. 'பத்துக்கு எட்டு, மாமன் படம் பெருசா, சித்தப்பன் படம் சின்னதா, எழுத்து மஞ்சள்' என்று சொன்னால் போதும், டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். மாமன் மூஞ்சி சித்தப்பன் மூஞ்சியைவிட ஒரு விரற்கடை சிறுத்துவிட்டால் கடையில் வெட்டுக்குத்து நடக்கும். அதையும் சமாளித்து, ஒரு குறைச்சொல் வராமல் கொடுத்துவிடுவேன். ஊரே என்னைச் சுறுசுறுப்பானவன் என்கிறது. அந்த மனிதனும் நானும் ஒருவர்தானா?

ஒரே ஒரு முறை கை வைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா கறிக்கடைக்குப் போயிருந்தாள். கரித்துண்டை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரின் இந்தக் கோடியிலிருந்து மலை முகட்டை ஒரே இழுப்பாக இழுத்தேன். பின்னால் அக்கா மகள் மீனா வந்து நின்றாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை.

"மாமா, இது ஒட்டகமா?"

பிள்ளை தெரியாமல் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன்... ஒட்டகம்தான்! என் தலைக்குள் இருந்த மலை எங்கே, சுவரில் படுத்திருந்த இந்த ஒட்டகம் எங்கே! ஈரத்துணியால் அழித்தேன். கரி தீற்றிக்கொண்டு சுவரே அசிங்கமாகிவிட்டது. அக்கா வந்து பார்த்தாள்.

"என்னலே, ஆரம்பிச்சிட்டியா?"

அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல! "இல்லக்கா, சுவரோட தன்மையப் பார்த்தேன்" என்றேன். மறுவாரம் ஆள் வைத்து மறுபடி வெள்ளையடித்துக் கொடுத்தேன். அந்தச் சுவருக்கு நான் செய்த ஒரே வேலை அதுதான்.

"ஏதாச்சும் ஒண்ணு நீயே சொல்லுக்கா. மயிலு, யானை, ஏதாச்சும். நான் போட்டுருதேன்" என்று ஒரு நாள் அவளிடம் கெஞ்சியிருக்கிறேன். "எனக்கு என்னலே தெரியும்? படிச்சவன் நீ. உன் மனசுல உள்ளதப் போடு" என்றுவிட்டாள். மனசில்தான் நூறு இருந்ததே! ஒன்றைப் போட்டால் மற்ற தொண்ணூற்றொன்பதும் செத்துப்போகுமே!

நான் இப்படி ஆடிக்கொண்டிருக்க, அக்கா அந்தச் சுவரைக் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆணி அடிக்க விடவில்லை. காலண்டரை அடுப்படியில் மாட்டினாள். கல்யாணப் படத்தை உள்ளறைக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் சாய்ந்து உட்கார்ந்தால் எண்ணெய்த் தலை படும் என்று விரட்டினாள். வருகிறவர்களிடம் "தம்பி வரையப் போறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில் கேட்டவர்கள் ஆவலோடு கேட்டார்கள். பிறகு சும்மா கேட்டார்கள். அதன் பிறகு அவளை நோகடிக்கவே கேட்டார்கள்.

அத்தானின் தங்கை சரோஜாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு விசேஷத்தில் பத்துப் பேர் முன்னால் அக்காவிடம் கேட்டிருக்கிறாள்: "மதினி, ஒங்க பொறந்த வீட்டுச் சீரு எங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதே. புண்ணியம் செஞ்சவுக கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுமோ?"

அக்கா இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். 'நாக்குல நரம்பில்லாதவ' என்று சரோஜாவைத் திட்டினேன். திட்டிவிட்டுப் போனை வைத்தேன்... அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டாரின் நடுவில், தாயும் தகப்பனும் இல்லாத ஒருத்தி, ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டி 'இதுதான் என் பிறந்த வீடு' என்று நின்றுகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் இருந்தேன்.

அத்தான் பணி முடிந்து ஊர் திரும்புகிற சமயம் வந்தது. அக்கா போன் செய்தாள்.

"பாண்டி, அவிய ஒரேயடியா வாராகலே. பங்காளி வீடெல்லாம் சாப்பிட வருது. சரோஜாவும் வாரா. இந்த ஒரு தடவ எனக்காகச் செஞ்சிரு."

"கண்டிப்பா அக்கா."

"எம்புட்டுச் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

"சின்னதாவா? நீ பாரு, அசந்து போவாக."

இப்படிச் சொன்ன வாயை என்ன செய்யலாம் நீங்களே சொல்லுங்கள்! கையில் ஒரு மாதம் முழுசாக இருந்தது. நான் வரைந்தேனா? அத்தானுக்கு வரவேற்பு ஃபிளெக்ஸ் செய்தேன். இருபதுக்குப் பத்து. சீருடையில் அத்தான், பின்னால் கொடி, மேலே பறக்கும் புறாக்கள். ஒரே உட்காரலில் முடித்தேன். யாரும் கேட்கவே இல்லை அதை! ஃபிளெக்ஸ் செய்தால், சுவரைத் தொடாமலே வேலை செய்த மாதிரி இருந்தது. மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள்... சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

அன்று காலையில் தெருமுனையில் ஃபிளெக்ஸைக் கட்டிவிட்டு, தோள் பையில் பெயின்ட் டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் போனேன். விருந்தன்று காலையில் பெயின்ட் பையோடு போகிறவன் என்ன நினைத்துப் போனான் என்று கேளுங்கள். 'தொடங்கிவிட்டேன்' என்று காட்டவாவது ஒரு மூலையில் எதையாவது தீற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

உள்ளே நுழைந்தால், சுவரின் நட்ட நடுவில் அந்த பீரோ நின்றது.

சந்தனம் வைத்து, பூச்சரம் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் நெற்றியில் என் பெயர். யாரோ ஒரு பெயின்டர் எழுதியது. 'தங்கப்பாண்டி'யைத் தாராளமாக எழுதிவிட்டு, இடம் போதாமல் 'சீர்' என்பதை ஓரத்தில் நெருக்கியிருந்தான். நம்புவீர்களா, அந்த நிலைமையிலும் என் கண் அதைத்தான் முதலில் பார்த்தது! இடம் விடத் தெரியாதவன் என்று அவனைக் குறை சொன்னது என் மனசு! அவனாவது எழுதினான்.

அடுப்படிக்குப் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன இது?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாங்குனேன். நீ அனுப்புனன்னு சொல்லியிருக்கேன். வாயத் தொறந்து கெடுத்துராத."

"எதுக்குக்கா? நான்தான்..."

அவள் கை நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ரெண்டு கிளியப் போட்டுட்டுப் போயிருந்தாக்கூடப் போதுமேலே. அது நல்லாருக்கு, நல்லால்லன்னு யாரு சொல்லப்போறா? என் தம்பி போட்டதுன்னு நான் காட்டியிருப்பேன்லா?"

அவளுக்குப் பின்னால் கொல்லைக் கதவு திறந்திருந்தது. அவள் வளர்த்த வெள்ளாடுகள் கட்டிக்கிடக்கிற இடத்தில் முளைக்குச்சிகள் மட்டும் இருந்தன. பீரோ எப்படி வந்தது என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அத்தான் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினார். பங்காளிகள் சூழ்ந்தார்கள். சரோஜா பீரோவைத் திறந்து மூடிப் பார்த்தாள். "தம்பின்னா இப்படில்ல இருக்கணும். மெதுவா வந்தாலும் கனமா வந்திருக்கு மதினி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் கூட்டத்தில் அவள் தலை நிமிர்ந்து சிரித்தாள்... அதையும் அவளே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அத்தான் பீரோ முன்னால் வந்து நின்றார். என் பெயரைப் படித்தார். பீரோவுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த வெள்ளைச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல பீரோ மாப்ள."

"ஆமா அத்தான்."

அவருக்கு எல்லாம் தெரியுமோ? தெரிந்துதான் சொன்னாரோ? இன்றுவரை நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர் அல்லவா, அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். பொய் சொல்ல மனமில்லை. நன்றாகவே சாப்பிட்டேன்.

ஏன் வரையவில்லை? சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, நான் சோம்பேறி இல்லை. நேரமில்லையா? இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கடைக்கு வருகிறவன் மஞ்சள் எழுத்து கேட்கிறான், போடுகிறேன். அது கேவலமாக இருந்தால் அது அவன் ரசனை. எனக்கு அதில் பங்கில்லை. ஆனால் 'உனக்குத் தோன்றியதை வரை' என்று சொல்லிவிட்டால், கேவலமாக வருவது யார்? நான்! சுவரில் படுத்திருந்தது ஒட்டகம் இல்லை, நான்தான். வரையாதவரை என் கையில் சரஸ்வதி இருக்கிறாள். வரைந்தால் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த ஒரு பெருமையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள, அக்காளைச் சபையில் வெறும் சுவரோடு நிற்கவைத்தேன். அவள் கேட்டது ஓவியமே இல்லை. தம்பியின் கைபட்ட ஏதோ ஒன்று. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பீரோ வேண்டியிருந்தது!

புரிந்துவிட்டதே, இனியாவது சரியாகிவிட்டேனா என்று கேட்பீர்கள்.

போன பங்குனியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மீனா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் பீரோவைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, பீரோவ உள்ளறைக்கு நகத்திரலாம்னு அப்பா சொல்லுதாக. சுவரு அப்படியேதான் இருக்கு. வரையுறீங்களா? கிளின்னாலும் சரி, ஒட்டகம்னாலும் சரி."

கேலி இல்லை அவள் குரலில். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு கிளி... அரை மணி நேர வேலை. என் பையில் கரித்துண்டுகூட இருந்தது.

அவள் பக்கம் திரும்பியபோது பீரோக் கண்ணாடியில் என் வாய் திறப்பதை நானே பார்த்தேன்.

"வரையலாம் தாயி. மழை முடியட்டும்" என்றேன்.

வெளியே பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.